மூக்கில் வைத்த தைலம்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். நோய்த்தொற்றுக்காக விமானங்களை நிறுத்திய அந்த ஆண்டில் என் காது ஆறவே இல்லை. இன்றைக்கும் யாராவது, நம் சிங்கப்பூரில் எவ்வளவு ஒழுங்காகச் சமாளித்தோம் பார் என்று ஆரம்பித்தால், குடித்துக்கொண்டிருக்கும் கோப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். ஒழுங்காகத்தான் சமாளித்தோம், யார் இல்லை என்றது? அந்த ஒழுங்குக்கு நடுவில்தான் என் அப்பா போய்ச் சேர்ந்தார்.

அம்மா தன் தம்பி மகள் கல்யாணத்துக்காகத் திருச்சிக்குப் போயிருந்தாள். பெட்டியில் பாதி துணிமணி, மீதி தைலம். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பச்சை நிறப் பாட்டில் இல்லாமல் நம் ஆட்கள் யாரும் இங்கிருந்து ஊருக்குப் போவதில்லை. தலைவலிக்கு, வயிற்றுவலிக்கு, பஸ்ஸில் குமட்டினால், எல்லாவற்றுக்கும் அதுதான். திருச்சியில் அதற்குப் பெயரே சிங்கப்பூர்த் தைலம். சொந்தக்காரர்களுக்குப் பங்கு போட்டது போக ஒரு பாட்டில் எப்போதும் அம்மாவின் கைப்பையில் கிடக்கும்.

கல்யாணம் முடிந்த கையோடு விமானங்கள் நின்றுவிட்டன. அவள் போகும்போது அப்பா நன்றாக இருந்தார், அல்லது நன்றாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லும் வழக்கம் அவரிடம் கிடையாது. ஈரலில் கட்டி என்று தெரிந்தபோது அது முற்றியிருந்தது. இனி வீட்டுக்கு அனுப்புவதற்கில்லை என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

போனில் அம்மாவைக் காட்டுகிறேன் என்றால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

"மூக்குல குழாயோட அவ என்னைப் பாக்க வேணாம். நேர்ல வரட்டும். நான் இருக்கேன்."

நான் இருக்கேன் என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் நான் அலைந்தேன். வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களைக் கூட்டிவரச் சிறப்பு விமானம் விட்டார்கள். முதல் விமானத்தில் அம்மாவுக்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்ததில் கிடைத்தது. வந்து இறங்கியதும் காய்ச்சல் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள், மூக்கில் குச்சி விட்டுச் சோதிப்பார்கள், பிறகு இரண்டு வாரம் ஹோட்டல் அறை. சாகக் கிடப்பவரைப் பார்க்கத் தனி அனுமதி உண்டு. ஆனால் சோதனையில் நோய் இல்லை என்று வர வேண்டும். நான் எழுதிக் கேட்டேன், நச்சரித்தேன், அனுமதியும் வாங்கினேன். சோதனை முடிவு வந்ததும் அம்மாவை ஹோட்டலிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு.

விமானம் இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் அப்பாவின் காதருகே போய்ச் சொன்னேன், அம்மா சாங்கி ஏர்போர்ட்டுக்கு வந்துட்டாங்கப்பா என்று. அவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார்.

"அப்போ கிட்டத்தான் லா."

கிட்டத்தான். சாங்கியிலிருந்து டாக்ஸியில் ஏறினால் கோப்பி ஆறுவதற்குள் அந்த ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிவிடலாம்.

அங்கே விமானத்துக்குள் என்ன நடந்தது என்று அம்மா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஏசி குளிரிலும் முகக்கவசத்தின் புழுக்கத்திலும் அவளுக்கு மூக்கு அடைத்திருக்கிறது. அடைத்த மூக்கோடு போய் நின்றால் சளி என்று பிடித்து வைத்துக்கொள்வார்களோ என்று பயம். இறங்கி வரிசையில் நிற்கும்போது கைப்பையைத் திறந்து, கவசத்தை விலக்கி, இரண்டு மூக்குத் துவாரத்திலும் தைலத்தை நன்றாகத் தடவிக்கொண்டாள். வாழ்நாள் முழுக்க அவள் செய்துவந்ததுதான். ஆனால் அதற்குமேல் கவசத்தை இழுத்து மூடிக்கொண்டு அவள் என்றைக்கும் நின்றதில்லை. காரம் உள்ளேயே சுற்றியது. தன் முறை வரும்போது கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர், மூக்கு ஒழுகல், வாயைத் திறந்தால் தும்மல்.

கேள்வி கேட்ட பெண் சின்ன வயது, மலாய்க்காரப் பெண். அம்மா பாட்டிலை எடுத்துக் காட்டி, சந்தையில் பேசிப் பழகிய மலாயில் மிஞாக், மிஞாக் என்று சொல்லியிருக்கிறாள். எண்ணெய் என்பது அந்தப் பெண்ணுக்கு நன்றாகவே புரிந்தது. தன் கவசத்தையும் தாண்டி வாசம் அடிக்கிறது என்றுகூடச் சொன்னாளாம். என் பாட்டியும் இதைத்தான் போடுவார் என்றாளாம். சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டு, நோய் அறிகுறி உண்டு என்று பதிந்துவிட்டாள்.

அவ்வளவுதான். அம்மாவுக்கு ஹோட்டல் இல்லை, ஆம்புலன்ஸ். நோய் சந்தேகத்துக்கு உரியவர்களை வைக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அறிகுறி இருப்பவருக்கு ஒரு சோதனை போதாது, ஒரு நாள் விட்டு இன்னொன்று எடுக்க வேண்டும், இரண்டிலும் இல்லை என்று வந்தால்தான் விடுவார்கள். நான் வாங்கிய அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது.

நான் போன் போட்டேன். ஒரு குரல் மாற்றி இன்னொரு குரல். எல்லாரும் அவ்வளவு மரியாதை. உங்கள் நிலைமை எங்களுக்குப் புரிகிறது மேடம். குறித்துக்கொண்டோம் மேடம். அது சளி இல்லை, தைலம் என்று நான் கத்தினேன். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும் அந்த வாசம், உங்கள் அலுவலகத்திலேயே பத்துப் பேர் பையில் அந்தப் பாட்டில் இருக்கும், போய்ப் பாருங்கள் என்றேன். அந்தக் குரல், மேடம் சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனால் விதிமுறைப்படி இரண்டு சோதனை என்றது. ஒருவராவது என்னைத் திட்டியிருந்தால் நானும் திட்டித் தீர்த்திருப்பேன். இந்த ஊர் முழுக்கத் தேடியும் சண்டை போட எனக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை.

எனக்கு நியாயம் புரியாமல் இல்லை. வார்டு முழுக்க நோஞ்சான்கள். நோயோடு ஒருவர் நுழைந்தால் என்ன ஆகும் என்று தெரியும். சோதனை வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. கண்ணெதிரே இருப்பது எண்ணெய் என்று மூக்குக்குத் தெரிந்த பிறகும் அதை எழுத அந்தப் பெண்ணுக்கு அதிகாரம் இல்லாமல் போனதே, அதைத்தான் சொல்கிறேன்.

முதல் சோதனையில் நோய் இல்லை என்று வந்தது. அன்று காலை அப்பா ஒருமுறை கண் விழித்து வாசல் பக்கம் பார்த்தார். எங்கே என்று கேட்டார். வழியில் இருக்கிறார்கள் என்றேன். வேறு என்ன சொல்ல? அம்மாவைப் போனில் கூப்பிட்டு அவர் காதில் வைத்தேன். கிட்ட வந்துட்டேங்க, கிட்டத்தான் இருக்கேன் என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்வது எனக்கும் கேட்டது.  மறுநாள் மதியம், இரண்டாவது சோதனை ஆய்வுக்கூடத்தில் இருக்கும்போது, அப்பா போய்விட்டார்.

முடிவு எனக்கும் குறுஞ்செய்தியாக வந்தது. ஈமச்சடங்கு செய்பவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பூ எவ்வளவு, வேன் எத்தனை மணிக்கு என்று அவர் கேட்டுக்கொண்டிருக்க, போன் அதிர்ந்தது. உங்கள் தாயாருக்குத் தொற்று இல்லை, ஒத்துழைப்புக்கு நன்றி. அந்தப் போனைச் சுவரில் எறிந்தேன். நல்ல போன், உடையவில்லை.

மண்டாய் தகனக் கூடத்துக்கு அம்மாவை அழைத்துவந்தார்கள். மேலங்கி, கையுறை, முகத்துக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தகடு, பக்கத்தில் ஓர் அதிகாரி. இரண்டு முறை சோதித்து நோய் இல்லை என்று சொன்னவர்களே அவளைக் கடைசி வரிசைக்குப் பின்னால் நிறுத்தினார்கள், ஹோட்டல் தனிமை முடியவில்லை என்பதால். எல்லாரும் வாய்க்கரிசி போட்ட பிறகு, நாங்கள் விலகி நின்று வழிவிட, அவள் வந்து கையுறைக் கையால் போட்டாள். அரிசி பாதி ரப்பரில் ஒட்டிக்கொண்டது. அதை உதறி உதறிப் போட்டாள். அப்பாவைத் தொடவில்லை. தொடலாமா என்று அதிகாரியைக் கேட்டாள், அவர் தலை குனிந்துகொண்டார்.

தனிமை முடிந்து வீட்டுக்கு வந்தவள் அப்பாவின் படத்துக்கு முன்னால் போய் நிற்கவில்லை. சமையலறைக்குப் போய் அந்தப் பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பிறகு என்னிடம் வந்து சொன்னாள்.

"நான் அதைப் போட்டிருக்கக் கூடாது. போடாம நின்னிருந்தா அன்னைக்கே பாத்திருப்பேன்."

உன் மேல் தப்பு இல்லை என்று நான் சொன்னேன். அன்றைக்கும் சொன்னேன், அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள். என்னால் பொறுக்க முடியாதது இதுதான். எண்ணெய் என்று தெரிந்தும் நோய் என்று பதிந்தவர்கள் எல்லாரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். தடவிக்கொண்டவள் மட்டும் தூங்கவில்லை. ஒத்துழைப்புக்கு நன்றி சொன்னவர்களுக்கு, அம்மா, இது உங்களால் நடந்தது அல்ல என்று ஒரு வரி அனுப்பத் தோன்றவில்லை.

இப்போது விமானங்கள் பழையபடி பறக்கின்றன. மூக்கில் யாரும் குச்சி விடுவதில்லை. சென்ற மாதம் நான் திருச்சிக்குப் புறப்படுவதற்கு முன் அம்மாவும் நானும் சிராங்கூன் சாலையிலுள்ள பெரிய கடைக்குப் போனோம். அங்கிருந்து மாமா, அம்மாவின் தம்பி, அவளைப் போனில் கூப்பிட்டார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. வரும்போது சிங்கப்பூர்த் தைலம் ஒரு டஜன் வாங்கிவரச் சொன்னார். அப்போது நாங்கள் நின்றது அந்த அலமாரிக்கு எதிரேதான். என் தலைக்கு மேல்வரை பச்சைப் பாட்டில்கள் அடுக்கியிருந்தன. அம்மா போனை என்னிடம் நீட்டினாள்.

"கடைல ஸ்டாக் இல்லைன்னு சொல்லிடு."

இல்லை மாமா, ஸ்டாக் இல்லையாம் என்று சொன்னேன். அம்மா அதற்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு அரிசி இருக்கும் பக்கம் போயிருந்தாள்.