கொம்பு முளைத்த கிடா

ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த மறு செவ்வாய்க்கிழமை அம்மாவின் கைப்பேசியில் அந்த அறிவிப்பு வந்தது. கிழமையைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்திருக்கிறேன். நினைவை நம்பிச் சொல்லவில்லை.

மேச்சேரிக்கு மேற்கே எங்கள் காட்டில் ஆடு மேய்க்கும்போதெல்லாம் அம்மா ஒரே பாடகரைத்தான் கேட்பாள். அந்தப் பாடகர் தன் அடுத்த பாட்டுக்கு ரசிகர்கள் வரைந்து அனுப்பும் படங்களையே அசைய வைக்கப் போகிறாராம். அவரவர் ஊர் விலங்கு ஒன்றை வரைய வேண்டும். அனுப்பியவர்களின் பெயர் பாட்டின் முடிவில் வரும்.

அம்மாவுக்கு வரைய வராது, எனக்கு வரும். ஆகவே படம் என்னுடையது, பெயர் அவளுடையது என்று முடிவாயிற்று. ரேஷன் அட்டைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் வெளியே எங்குமே வந்திராத பெயர் அது. எங்கள் பட்டியின் பெரிய கிடா முட்டுவதற்குத் தலை குனிந்து நிற்பதை இரண்டு நாள் வரைந்தேன்.

பதினோராம் நாள் பாடகரின் குழுவிலிருந்து ஒரு பெண் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். படம் தேர்வாகிவிட்டது. அந்த முதல் வரியையே அம்மா நாலு முறை கேட்டாள். ஐந்தாவது முறைதான் மிச்சத்தையும் கேட்டோம்.

"கொம்பில்லாம பாத்தா நாய்க்குட்டி மாதிரி இருக்குக்கா. சின்னதா ரெண்டு கொம்பு வெச்சுட்டோம். ஓகேதானே?"

மேச்சேரி ஆட்டில் கிடாவுக்கும் கொம்பு கிடையாது. பின்னாளில் நான் வாங்கிப் படித்த கால்நடை நூல்களும் அதையே சொல்கின்றன.

"நம்ம கிடாவுக்கு மெட்ராசு போனதீம் கொம்பு மொளைச்சிருச்சாட்ட இருக்குது" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முடியாது என்று சொல்லச் சொன்னேன். அம்மா கெஞ்சினாள்.

"ரெண்டு கொம்புதான சாமி, இருந்துட்டுப் போவுது."

"அப்ப அது யாரூட்டுக் கிடாவோ. நம்மளுது இல்ல."

அம்மா எழுந்து பட்டிக்குப் போனாள். கிடாவின் நெற்றியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்து, என்னைக் கேட்காமலேயே கைப்பேசியை வாயருகே வைத்துப் பேசினாள்.

"ஏனுங்க, எங்க கிடாவுக்குக் கொம்பே வராதுங்க. வரைஞ்சபடிக்குப் போடுங்க. கொம்பு வெச்சுத்தான் போடோணும்னா எம்பேரு அதுல வேண்டாமுங்க."

குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. என் பிடிவாதம் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலை, பாட்டு வெளியானது. எங்கள் கிடா திரையின் குறுக்கே துள்ளி ஓடியது, சுருண்ட இரண்டு கொம்புகளோடு. நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். அம்மா கைப்பேசியைத் தரவில்லை. கடைசியில் பெயர்கள் ஓடியபோது விரலால் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். பின்னால் தள்ளி மறுபடியும் படித்தாள். அவள் பெயர் இல்லை. சொன்னதில் ஒரு பாதியை மட்டும் கேட்டிருந்தார்கள்.

பாட்டின் கீழே ரசிகர்கள் வரிசையாகப் புகழ்ந்து எழுதியிருந்தார்கள். அம்மா அங்கே ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். எழுதி முடிக்கப் பாட்டு இன்னொரு முறை ஓடும் நேரம் ஆயிற்று. 'இது எங்க கிடா. இதுக்குக் கொம்பு கிடையாது.'

அனுப்பிவிட்டு என்னிடம் நீட்டினாள். நான் அதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். அந்த வரிக்கு மேலே அவள் பெயர் இருந்ததை நான் பார்க்கவில்லை.