ஏரியை வெட்டியது யார்?

முதுகலை வரலாறு கடைசிப் பருவத்தில், என் ஆய்வுக் கட்டுரைக்கு எங்கள் ஊர்ப் பக்கத்து ஏரியை எடுத்துக்கொண்டேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் தினமும் பார்க்கிற ஏரிதானே, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

கூகுளில் தேடியதும் ஏழெட்டுப் பக்கங்கள் வந்தன. எல்லாவற்றிலும் ஒரே செய்தி: இந்த ஏரியை ஒரு குறுநில மன்னர் வெட்டுவித்தார். சந்தோஷமாகக் குறித்துக்கொண்டேன். பிறகுதான் கவனித்தேன், எல்லாப் பக்கத்திலும் 'வெட்டுவித்தார்' என்பது 'வெட்டுவித்தர்' என்றே இருந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு தளம் மட்டும் அடியில் ஆதாரம் கொடுத்திருந்தது. பக்கத்து ஊர்க் கல்லூரியில் யாரோ சமர்ப்பித்த ஆய்வேடு.

அந்த ஆய்வேட்டைப் பார்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒருநாள் நூலகர் விடுப்பு. அடுத்த முறை என் கல்லூரிக் கடிதம் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் கையில் கிடைத்ததும் நின்றபடியே அடிக்குறிப்பைத் தேடினேன். அங்கே ஆதாரமாக இருந்தது அதே இணையதளத்தின் முகவரி.

அந்த ஆய்வேட்டை எழுதியவர் இப்போது வேங்கிக்காலில் போட்டித் தேர்வு வகுப்பு நடத்துகிறார் என்று தெரிந்து, போன் செய்தேன்.

"ஆமாம்மா, நெட்லதான் எடுத்தேன். அப்ப அதுல ஆதாரம்னு ஒண்ணும் போடல."

"இப்ப உங்க ஆய்வேட்டத்தான் ஆதாரமா போட்டிருக்காங்க, சார்."

"அப்படியா? நல்ல விஷயம்தானே!" என்று சிரித்தார். எனக்கு போனை விட்டெறியலாம் போல இருந்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியை அலுத்துக்கொண்டார். "ஆய்வேடு கிடைச்சிடுச்சுல்ல? அதையே போட்டுட்டு முடி. எல்லாரும் குடுத்துட்டாங்க, நீ மட்டும்தான் பாக்கி."

"அது தப்பா இருந்தா, மேடம்?"

"தப்புன்னு உன்கிட்ட ஆதாரம் இருக்கா?"

இல்லை. அதுதான் என் எரிச்சலே. சரி என்று சொல்லவும் ஒன்றுமில்லை, தப்பு என்று சொல்லவும் ஒன்றுமில்லை. கரையில் கல்வெட்டு ஏதாவது இருக்குமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க முள்ளுக்குள் நடந்தேன். கையெல்லாம் கீறல்தான் மிச்சம். கடைசியில், 'இந்த ஏரியை வெட்டியவர் யாரென்பதற்கு நம்பகமான ஆதாரம் கிடைக்கவில்லை' என்று எழுதி, அந்த இணையதளமும் ஆய்வேடும் ஒன்றையொன்று காட்டுவதையும் விளக்கிக் கொடுத்தேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்தவர் அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். "என்னம்மா இது? நெட்ல போட்டாலே வருதே. இதுகூடப் பாக்கலையா?"

"பாத்தேன், சார். அதப் பத்திதான் கீழ எழுதியிருக்கேன்."

அவர் படிக்காமலே பக்கத்தைத் திருப்பினார். தேர்ச்சி மதிப்பெண்ணுக்குச் சற்று மேலே போட்டார். அந்த மன்னர் பெயரை எழுதியிருந்தால் ஜாஸ்தி கிடைத்திருக்கும் என்று தோழிகள் சொன்னார்கள். கிடைத்திருக்கும்தான். ஆனாலும் அந்தப் பெயரை எழுத என்னால் முடிந்திருக்காது.