மிதிவெடி எடுத்த பிறகு

முல்லைத்தீவுக் கடற்கரைக்குச் சற்று உள்ளே இருந்த அந்த இரண்டு ஏக்கர் காணியில், ஏழு மாதம் முழங்காலில் நின்று மிதிவெடி எடுத்தேன். வெடி எடுக்கும் எங்கள் குழுவின் சம்பளம் ஒரு வெளிநாட்டு அரசின் உதவியில் வந்தது. காணிச் சொந்தக்காரி, இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த ஒரு முஸ்லிம் பெண். சந்தையில் துணி விற்றார். முஸ்லிம்கள் அக்காவை அழைப்பதுபோல, நாங்கள் எல்லோரும் ராத்தா என்றே கூப்பிட்டோம். கிழமைக்கு ஒருமுறை எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

“பிள்ளை, கிணத்தடிக்கு வந்திட்டியளோ?”

“இன்னும் இல்லை ராத்தா. அவசரப்பட்டா என்ர கால் போயிடும்.”

“வேண்டாம், வேண்டாம். ஆறுதலா எடுங்கோ.”

வெடிகள் அதிகம் கிடந்ததே கிணற்றடியில்தான். அதையும் முடித்தோம் என்று சொன்ன அன்று, ராத்தா ஒரு சட்டி நிறைய வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தார்.

காணி கையளிப்பு விழாவுக்கு, உதவி தந்த நாட்டின் தூதரகத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு படை அதிகாரி. ராத்தா காணி உறுதிப் பத்திரத்தோடு கடைசி வரிசையில் இருந்தார். அவரை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. காணி துப்புரவாகிவிட்டது என்ற சான்றிதழ் அதிகாரியின் கைக்குப் போனது. கடலைக் கண்காணிக்கப் படைக்கு இந்த இடம் தேவை என்று ஒலிவாங்கியில் அறிவித்தார்கள்.

நான் நேரே போய்த் தூதரகப் பெண்ணின் மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன்: “காணிக்காரி இஞ்ச இருக்கிறா. ஆருக்காக வெடி எடுக்கச் சொன்னவை எண்டு இந்தத் தூதரக அம்மாவிட்டக் கேளுங்கோ.”

தூதரகப் பெண் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“வெடி எடுக்கத்தான் அவையின்ர உதவியாம். காணியை ஆருக்குக் குடுக்கிறது எண்டது இந்த நாட்டின்ர விசயமாம். தலையிட்டா அடுத்த இடத்துக்கு அனுமதி கிடைக்காதாம்.”

அதிகாரிக்கும் தமிழ் தெரிந்திருந்தது. “உதவி எங்கையிருந்தும் வரலாம். நாட்டுப் பாதுகாப்பு எங்கட வேலை. நீ உன்ர வேலையைப் பார்,” என்றார்.

“என்ர வேலையைத்தான் பாத்தனான். நீங்கள் பயமில்லாமல் நிக்கிறதே அதாலதான்.”

எங்கள் மேற்பார்வையாளர் ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். கையைத் தட்டிவிட்டு ராத்தாவிடம் போனேன். அவர் எழுந்து விலகினார்.

“கிட்ட வராத. வெடி கிடந்தவரைக்கும் அது என்ர காணி. நீதான் எடுத்து அவைக்குக் குடுத்தனி.”

அடுத்த கிழமையே காணியைச் சுற்றிப் படையின் முள்ளுக்கம்பி வேலி வந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பிறகு என்னை மாங்குளப் பக்கம் ஒரு காட்டில் வெடி எடுக்க மாற்றினார்கள். வேறு தொழில் இல்லாததால் போனேன். காணியைத் திருப்பிக் கேட்டு ராத்தா கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் இல்லை. விடுமுறையில் வரும்போது சந்தையில் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவருக்காகப் பேசித்தான் அந்தக் கடிதத்தை வாங்கினேன் என்று எனக்கும் அவர்மேல் கோபம்தான். ஆனாலும் அவர் சொன்னது பொய் இல்லை.