மரியாதைக்காரரின் தேடல்

துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் அவரைத் தெருவார் 'மரியாதைக்காரர்' என்று அழைப்பர். எந்த இயந்திரத்தையும் அவர் 'அது' என்று சொல்லார். "இவருக்கு மூச்சு முட்டுது", "அவருக்குத் தாகம் அடங்கல" என்றே பேசுவார். உழைப்பது எதுவாயினும் வணக்கத்துக்கு உரியது என்பது அவர் கொள்கை.

அன்று படுத்துக்கொண்டது அவருடைய அக்காள் நடத்தும் சலவையகத்தின் பெரிய இயந்திரம். எவ்வளவு நீர் குடித்தும் அதன் வயிறு நிரம்பவில்லை. மகப்பேறு மருத்துவமனையின் நாற்பது விரிப்புகள் மாலை நான்குக்குள் போயாக வேண்டும். தவறினால் அந்த வேலை கைவிட்டுப் போகும்.

'நீர் நிரம்பவில்லை' என்று கைப்பேசியில் தேடினார். முதலில் வந்த விடை வால்வை மாற்றச் சொன்னது. மாற்றினார், பயனில்லை.

பின்னர் அழுக்கு மூட்டையின்மேல் அமர்ந்து சொற்களை மாற்றி மாற்றித் தேடினார். பாரம் தூக்கும்போது வியர்க்காத நெற்றி, ஒரு கேள்வியைச் செம்மையாக அமைப்பதற்குள் வியர்த்துவிட்டது.

"மணி பன்னெண்டாச்சுடா. இன்னும் போனையே பாத்துட்டு உக்காந்திருக்க."

"சும்மாவா இருக்கேன்? மண்டை கொதிக்குதுக்கா."

"அப்ப உன் தலைமேலயே ரெண்டு விரிப்பைக் காயப்போடறேன்."

அவர் எழுந்து இயந்திரத்தில் காதை வைத்தார். உள்ளே விழும் நீர் அப்போதே கீழே ஓடும் ஓசை கேட்டது. 'நிரம்பும்போதே வெளியேறுகிறது' என்று தேடினார். ஐந்தாம் பக்கத்தில் யாரோ எழுதிய பழைய விடை ஒன்று கிடைத்தது. உரக்கப் படித்தார்.

"கழிவுநீர்க் குழாயின் முனை தாழ்ந்திருந்தால், அவர் குடித்த நீரை அவர் அறியாமலே அது உறிஞ்சிவிடும். இடுப்பளவு உயர்த்திக் கட்டுக."

அக்காள் சிரித்துவிட்டாள். "மெஷினை அவர் இவர்னு எழுதற ஆளு ஊர்ல எத்தனை பேருடா? எழுதினது யாருன்னு பாரு."

பார்த்தார். அவரேதான். நான்காண்டுகளுக்கு முன் எழுதியது.

"ஆட்டைத் தோள்ல போட்டுக்கிட்டு ஊரெல்லாம் தேடியிருக்க."

"தேடினாத்தானேக்கா தோள்ல இருக்கறது தெரியுது."

முந்தின நாள் தரை பூசிய கொத்தனார் குழாயைத் தரைத்துளைக்குள் முழங்கை ஆழம் செருகியிருந்தார். அதை உருவி உயர்த்திக் கட்டியதும் இயந்திரம் வயிறு நிறைந்து சுழன்றது. நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க, நாற்பது விரிப்புகளும் வண்டி ஏறின.

அக்காள் தந்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பழைய விடையின் கீழே அவர் எழுதினார்: 'ஐயா, தாங்கள் சொன்னபடி செய்தேன். அவர் நலமாக இருக்கிறார். மிக்க நன்றி.'