கைரேகைக்காக வரும் அம்மா

இன்று பள்ளி விட்டதும் புதுச்சத்திரத்தில் இறங்கி கேஸ் ஏஜென்சிக்குப் போனேன்.

இலவசத் திட்டத்தில் கிடைத்த எங்கள் இணைப்பு அம்மா பெயரில் இருக்கிறது. அம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில். கடைசியாக வீட்டுக்கு வந்துபோய் மூன்று மாதமாகிறது. அப்பா லாரியில் போய்விட்டால் நான் மட்டும்தான்.

“கைரேகை வெக்கலீனா மானியம் நின்னுரும் சாமி. அம்மாவ வரச் சொல்லு,” என்றார் கவுண்டரில் இருந்த அக்கா.

“வந்தே ஆகணுங்களாக்கா?”

“முடியலீனா போன் ஆப்ல மூஞ்சியக் காட்டச் சொல்லு. ரெண்டு நிமிச வேல.”

வெளியே வந்து அம்மாவை அழைத்தேன். “நேர்லதான் வரணுமாம், அம்மா,” என்றேன்.

“அப்படியா? லீவு கேட்டுட்டு வெள்ளிக்கிழம வாரேன் சாமி.”

பொய் சொன்னது தப்புதான். இந்தப் பதிவைப் படிக்கும், அம்மாவோடு வேலை செய்யும் அக்காக்களே, வெள்ளிக்கிழமை வரை அந்த ஆப்பைப் பற்றி மூச்சு விடாதீர்கள். திட்டுவதானால் இங்கே கமெண்டிலேயே திட்டுங்கள்.