ஒன்பதாம் வகுப்பு அட்டை

எங்கள் மாமா தப்பாகச் சொல்லி, எங்கள் வீட்டில் நம்பாமல் விட்ட சங்கதி ஒன்றுகூடக் கிடையாது. அம்மாவின் தம்பி அவர். கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஊராரின் சான்றிதழ்கள் நாளெல்லாம் அவர் கைவழியாகப் போய்வந்ததால், படிப்பு சம்பந்தப்பட்ட எல்லாமே தனக்கு அத்துப்படி என்ற நினைப்பு அவருக்கு. எங்களுக்கும்தான். அக்கா பிளஸ் டூ முடித்து, சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதத்துக்கு விண்ணப்பித்திருந்த சமயம், அவர் வந்து உட்கார்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டே ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"மார்க்கு எல்லாருந்தான் வாங்கறாங்கக்கா. காலேஜ்ல ரேங்க்கத்தான் பாப்பாங்க. ஒண்ணாவதுலேர்ந்து எல்லா ரேங்க் கார்டும் எடுத்துக்கினு போவணும். ஒண்ணு சரியில்லன்னாலும் தள்ளி உட்டுருவாங்க."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. இந்த இடம் கிடைக்காவிட்டால் பெரியப்பா சொல்லிவைத்திருந்த மாப்பிள்ளையை முடித்துவிடுவது என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சு நடந்துகொண்டிருந்தது. அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அம்மா எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை. பீரோவின் அடித்தட்டில் பன்னிரண்டு வருடத்து ரேங்க் கார்டுகளும் பத்திரமாக இருந்தன. அவற்றை எடுத்து வரிசைப்படுத்தும் வேலை எனக்கு. அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒன்று, இரண்டு, ஒன்று, ஒன்று, மூன்று என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்பதாம் வகுப்பு அட்டையில், அரையாண்டுத் தேர்வுக்கு நேரே முப்பத்தொன்று என்றிருந்தது. இந்த ஒன்றைப் பார்த்துத்தான் அக்காவைத் துரத்தப்போகிறார்கள். யாரும் பார்க்காதபோது அந்த அட்டையை உருவி, முக்காலி போட்டு ஏறி, கூடத்துப் பெருமாள் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன். பெருமாளுக்குத் தெரிந்தே செய்வதால் பாவம் வராது என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

அப்பாவுக்குத் தொழில் அட்டை கோப்பது. சேலையில் மயில் எங்கே விழ வேண்டும், யானை எங்கே விழ வேண்டும் என்று தறிக்குச் சொல்வது ஓட்டை போட்ட அட்டைகள்தான். அவற்றை நூற்றுக்கணக்கில் குத்தி, வரிசை பிசகாமல் கயிற்றால் கோத்து, ஐயம்பேட்டை வரைக்கும் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பார். ஓர் அட்டை விட்டுப்போனால் மயிலுக்குக் கழுத்து முறிந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு, மகளின் ரேங்க் கார்டுகளை ஃபைலில் போடலாம் என்று தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தரையில் பரப்பி, ஓரங்களில் ஓட்டை குத்தி, ஒன்றாவதிலிருந்து கோக்க ஆரம்பித்தார். எட்டாவது முடிந்ததும் கை நின்றது.

"ஒம்பதாவது எங்க?"

வீடு தலைகீழானது. பீரோ, டிரங்குப் பெட்டி, பாய்ச் சுருட்டு எல்லாம் கவிழ்ந்தன. நான் மட்டும் தேடுகிற மாதிரி நடித்துக்கொண்டு, படத்தின் பக்கம் போகாமல் சுற்றிவந்தேன். அக்கா என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"நான்தாம்பா கிழிச்சிப் போட்டுட்டேன். ரேங்க் கேவலமா இருந்துச்சு" என்றாள்.

அப்பா திட்டவில்லை. "எத்த வேணா கிழிச்சிருக்கலாம்மா. அத்தப் போயி..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருப்பதிலேயே மோசமான அட்டைக்கு எதற்கு இவ்வளவு வருத்தம் என்று எனக்கு விளங்கவில்லை. எப்படியோ அக்காவின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று உள்ளுக்குள் பூரித்துப் போனேன். அப்பா தன் பையிலிருந்து ஓட்டை குத்தாத வெற்றட்டை ஒன்றை எடுத்து, அளவாக நறுக்கி, எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் வைத்துக் கோத்தார்.

கல்லூரிக்கு மாமாவையும் சேர்த்து ஐந்து பேர் ரயிலேறிப் போனோம். அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் இருந்தார். அப்பா மஞ்சள் பையிலிருந்து சரத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். அது அங்கே நிற்காமல் சரிந்து, தறியில் இறங்குவதுபோல் மடமடவென்று தரைவரைக்கும் இறங்கியது. வரிசையில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"என்னங்க இது, தோரணமா?"

"ரேங்க் கார்டும்மா. ஒண்ணாவதுலேர்ந்து இருக்குது."

"ரேங்க்க யாருங்க பாக்கறாங்க? ஒரு ஸ்கூல்ல முப்பது பேர்ல மொதல்ல வர்றாங்க, இன்னொரு ஸ்கூல்ல முந்நூறு பேர்ல பத்தாவது வர்றாங்க. எத்த வெச்சுப் பாக்கறது? பிளஸ் டூ மார்க் ஷீட்டு, டி.சி., ஜாதி சர்டிபிகேட். அவ்ளோதான்."

மாமா மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைத் தீவிரமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். மதிப்பெண்ணை வைத்து அக்காவுக்கு அன்றே இடம் கிடைத்துவிட்டது. அப்பா சரத்தைத் திரும்ப மடித்தார். வெற்றட்டை மேலே வந்தபோது அதை விரலால் ஒரு தடவை நீவிவிட்டுத்தான் பையில் போட்டார். எனக்கோ அவ்வளவு துணிந்து செய்த திருட்டு ஒன்றுக்கும் உதவாமல் போய்விட்டதே என்றிருந்தது. பிறகு அந்த அட்டையை மறந்தே போனேன்.

போன பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடிக்கப் பெருமாள் படத்தை இறக்கினோம். அட்டை காலடியில் விழுந்தது. முப்பத்தொன்றைத் தவிர நான் அன்று எதையுமே படிக்கவில்லை. அதற்குக் கீழேயே முழு ஆண்டுத் தேர்வுக்கு இரண்டு என்று இருந்தது. முப்பத்தொன்றுக்குப் பக்கத்தில் பள்ளி வேலை நாள் ஐம்பத்தெட்டு, வந்த நாள் இருபத்துமூன்று. ஓரத்தில் வகுப்பாசிரியை சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'தங்கையுடன் மருத்துவமனையில் இருந்ததால் நீண்ட விடுப்பு.'

ஐந்து வயதில் எனக்குக் கடுமையான காய்ச்சல் வந்ததும், அம்மாவும் அதே காய்ச்சலில் வேறு வார்டில் படுத்திருந்ததும் சொல்லக் கேட்டிருக்கிறேன். அழுதுகொண்டே அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அது அங்கதான் இருக்குதுன்னு எனுக்கு அப்பவே தெரியும். அந்தப் படத்தத் தொடச்சிக்கினு இருந்தது யாரு, நீயா?"

"அப்ப ஏன் எடுக்கல?"

"எடுத்தா, ஏன் முப்பத்தொண்ணுன்னு கேப்ப. உனுக்கு ஒம்பது வயசு. இன்னான்னு சொல்றது?" என்று சிரித்தாள். "ஆஸ்பத்திரில டீல தோச்சு பன்னு ஊட்டுனது ஞாபகம் இருக்குதா?"

ஞாபகம் இருந்தது. ஆனால் அன்று நான் படுத்திருந்த மடி அம்மாவுடையது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.