கொக்கிக்குக் கீழே ஒரு வீடு

“கொஞ்சம் வழி விடுங்க. உங்க படத்துல நான் எதுக்கு?” என்று சொல்லிக்கொண்டே, காய்கறிப் பையை மார்போடு அணைத்து, கேமராக்களுக்கு நடுவே குனிந்து தன் வீட்டுக்குள் நுழைவார் கண்ணாடிக்கார அக்கா. ஊரின் மையத்தில், மணிக்கூண்டுக்குப் பின்னால், இரண்டு பேர் குடை பிடித்து எதிரெதிரே வந்தால் ஒருவர் குடையை மடக்க வேண்டிய சந்து எங்களுடையது. பார்க்க வருகிறவர்களுக்கு அது பழம்பெருமை. அக்காவுக்கு, வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் இடம்.

சந்து முனையிலுள்ள மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டங்களுக்கு வில்லை பொருத்துவது அவர் தொழில். அதனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாரிடம் பேசினாலும், பேச்சை நிறுத்தாமலே எதிராளியின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிடுவார். “இவ்வளவு அழுக்கோட என் மூஞ்சியைப் பாத்தா நான் எப்படித் தெரிவேன்?” என்பார். அக்கா குடியிருக்கும் கட்டடத்திலேயே இரண்டாம் மாடியில் இருக்கும் என் கண்ணாடிக்கு, இந்த வகையில் செலவில்லாத பராமரிப்பு.

அவர் வீடு மூன்றாம் மாடியில். படிக்கட்டு சுழன்று சுழன்று ஏறும். ஓர் ஆள் தோளைச் சாய்த்துத்தான் போக முடியும். சுவரில் ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும். கட்டடம் புராதனப் பட்டியலில் இருப்பதால் லிஃப்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதெல்லாம் அக்காவுக்கு ஒரு குறையாகவே படவில்லை, அவர் கணவர் பக்கவாதத்தில் விழும்வரை.

கணவர் பஸ் ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு மாலை முழுக்கச் சந்து முனையில் நின்று பேசுவார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, நான்கு பேர் முன்னும் பின்னுமாக மாறி மாறி மேலே தூக்கிப்போனார்கள். அதன்பின் அவர் கீழே வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து ஜன்னலில் தெரிவது எதிர்வீட்டு ஓடும் கொஞ்சம் வானமும்தான்.

ஒரு மாலை பழைய கண்டக்டர் நண்பர் கீழே நின்று கூப்பிட்டார். மேலே இவர் பதில் சொன்னார். குழறிய குரல் ஜன்னலைத் தாண்டவில்லை. தூங்குகிறார் போல என்று நண்பர் நடையைக் கட்டினார். கணவர் ஜன்னல் கட்டையைப் பிடித்து எக்கியபடி அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்ததை, அக்கா பார்த்துவிட்டார்.

மகள் வந்து, “ஊருக்கு வெளியில லிஃப்ட் வச்ச வீடு பாத்திருக்கேம்மா. பிடிவாதம் பிடிக்காதீங்க” என்றாள். அக்கா பதில் சொல்லுமுன் கணவர் முந்திக்கொண்டார். “அங்க… யாரு… கூப்பிடுவா?” அவ்வளவுதான். அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

தரைத்தளம் பை வியாபாரி ஒருவரின் கிடங்கு. மறுநாளே அக்கா அங்கே போய் நின்றார். “அண்ணே, உங்க கிடங்கை மேல கொண்டுபோங்க. எங்க வீட்டைக் கீழ கொண்டுவரேன்.”

“என்னம்மா விளையாடுறீங்க? அந்தப் படியில மூட்டை தூக்கச் சொன்னா என் ஆளுங்க அன்னிக்கே ஓடிருவாங்க.”

அக்கா அவரை வெளியே அழைத்துவந்து மேலே கை காட்டினார். கூரை முகட்டின் கீழ் ஒரு உத்திரம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நுனியில் துருப்பிடித்த இரும்புக் கொக்கி. எந்தக் காலத்திலோ வணிகர்கள் சரக்கு ஏற்றியது.

“அதுவா? புறா உக்கார்றதுக்குன்னுல்ல நெனச்சேன்” என்றார் வியாபாரி. ஆனால் சிரித்துவிட்டு உள்ளே போய்விடவில்லை. கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தார்.

புராதனக் கட்டட அலுவலகத்தில், “முகப்புல புதுசா எதுவும் மாட்டக் கூடாதும்மா” என்றார் அதிகாரி.

“இது புதுசு இல்லீங்க. நான் பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து அங்கதான் தொங்குது” என்ற அக்கா, அதற்குள் அவர் கண்ணாடியையும் துடைத்துக் கொடுத்திருந்தார். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். ஆனாலும் உத்திரத்தைச் சோதிக்காமல் கயிறு கட்ட விடமாட்டேன் என்றார். அவர் சொன்னதுதான் சரி. உத்திரத்தின் உள்முனை உளுத்துப்போயிருந்தது. அதே ரக மரம் கிடைத்துத் தச்சர் ஒட்டுப்போட்டு முடிப்பதற்குள் மழைக்காலமே போய்விட்டது. அந்த நாட்களில் ஒருமுறை, படிக்கட்டின் பாதியில் அக்கா உட்கார்ந்திருக்கக் கண்டேன். “ஒண்ணுமில்ல. இன்னைக்கு ரெண்டு பேர் கனத்தைத் தூக்கிட்டு ஏறுற மாதிரி இருக்கு” என்றார்.

முதல் மூட்டை ஏறிய அன்று சந்தே அண்ணாந்து நின்றது. பை வியாபாரியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேறு யாரையும் தொட விடவில்லை. வேடிக்கை பார்த்த பயணிகள் கை தட்டினார்கள். இப்போதும் என் ஜன்னலுக்கு வெளியே பை மூட்டைகள் ஆடிக்கொண்டே மேலே போகின்றன.

அக்காவும் கணவரும் இறங்கி வந்த கீழ்வீட்டில் கொஞ்சம் ஈரம், பகலிலும் விளக்கு வேண்டும். போகிறவர் வருகிறவரெல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறார்கள். திரை போடக்கூடாதா என்று கேட்டேன். “பாத்துட்டுப் போகட்டும். அவரும் திருப்பிப் பாக்கறாருல்ல” என்றார். கணவருக்கு வணக்கம் வைக்க நாளெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். முதலில் தலையசைத்தார். பிறகு ஒரு சொல். இப்போது கண்டக்டர் நண்பரோடு பழைய வழித்தடச் சண்டையையே போடுகிறார்.

போன வாரம் கணவருக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண் அக்காவிடம், “இனிமே பிடிக்காதீங்க, தானா நடக்கட்டும்” என்று சொல்லிப் போனாள். அன்று மாலை கணவர் ஊன்றுகோலோடு எழுந்தார். வாசலைக் கடந்தார். சந்துக் கல்லில் ஒரு கால் தடுமாறி, நின்று, மறு காலை எடுத்து வைத்தார். எதிரே நண்பர் காத்திருந்தார். வாசலில் நின்ற அக்கா, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒன்றை ஒன்றால் இறுகப் பிடித்துக்கொண்டார்.